நடுவழியில் கார் ஏசி நின்னுபோச்சா? சென்னை - திருச்சி சாலையில் அக்னி வெயிலைச் சமாளிப்பது எப்படி?

கோடை விடுமுறை வந்தாலே சென்னை - திருச்சி சாலை கார்களால் நிறைந்துவிடும். குலதெய்வம் கோயில், காதுகுத்து, பாட்டி வீடு என்று ஆளுக்கொரு காரணம். தூரம் சுமார் 330 கி.மீ. மே மாதத்து அக்னி நட்சத்திர மதியத்தில் இந்தச் சாலையில் ஏசி சட்டென்று நின்றால், பின் சீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டிக்கும் குழந்தைகளுக்கும்தான் முதல் சோதனை.

எந்த இடத்தில், எப்படி நின்றது என்று கவனித்தாலே கோளாறில் பாதி பிடிபட்டுவிடும்.

பரனூர் டோல்கேட்: நின்றால் சூடு, ஓடினால் குளிர்

செங்கல்பட்டுக்கு முன்னால் வரும் பரனூர் டோல்கேட்டில் விடுமுறை நாள்களில் வரிசை நீளம். வண்டி ஊர்ந்து போகும்போது சூடான காற்று வந்து, வேகம் எடுத்ததும் குளிர் திரும்பினால், முன்பக்க ஃபேன் மீது சந்தேகப்படலாம். ஏசி போட்டதும் அந்த ஃபேன் சுற்றுகிறதா என்று போனட்டைத் திறந்து பாருங்கள். கையை மட்டும் கிட்டே கொண்டு போக வேண்டாம். அது எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும்.

மதுராந்தகம்: காற்றே குறைகிறதா?

ஏரியைத் தாண்டும்போது ப்ளோயர் சத்தம் மட்டும் கேட்டு, காற்று மெலிந்துகொண்டே வருகிறதா? கேபின் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். அல்லது உள்ளே ஐஸ் கட்டியிருக்கலாம். ஏசி பட்டனை அணைத்து, ப்ளோயரை மட்டும் 10, 15 நிமிடம் ஓட விடுங்கள். ஐஸ் என்றால் உருகி, காற்று பழையபடி வரும்.

விக்கிரவாண்டி: காற்று வருது, குளிர் வரல

ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும் இந்தப் பகுதியில் நிழலாக நிறுத்திப் பார்க்கலாம். ஏசியைப் போட்டதும் பல கார்களில் கம்ப்ரஸரிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அது வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலேயைப் பாருங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். வயரைச் சுற்றி ஒப்பேற்றுவது வண்டியில் தீப்பிடிக்க வழி செய்துவிடும்.

ஃப்யூஸ் சரியாக இருந்தும் குளிர் இல்லையா? கேஸ் குறைந்திருக்கலாம். ஏசி கேஸ் பெட்ரோல் போலச் செலவாகித் தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் காசுதான் வீண்.

உளுந்தூர்பேட்டை: முடிவெடுக்கும் இடம்

சேலம் சாலை பிரியும் இந்த ஊரைத் தாண்டினால் பெரம்பலூர் வர சுமார் ஒரு மணி நேரம் ஆகும். "வண்டிதான் ஓடுதே, போயிடலாம்" என்று கிளம்பும் முன் டாஷ்போர்டில் வெப்பமானியைப் பாருங்கள். இன்ஜின் அளவுக்கு மேல் சூடானாலும் பல கார்களில் ஏசி தானாக நின்றுவிடும். முள் சிவப்பை நெருங்கினால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். உதவிக்கு நெடுஞ்சாலை எண் 1033.

முள் சரியாக இருந்து, ஏசி மட்டும்தான் இல்லை என்றால், வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வண்டியை மாலை 4 மணி வரை நிழலில் நிறுத்திவைப்பதே நல்லது. ஊருக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

பின் சீட்டைக் கவனிங்க

கிளம்பியே ஆக வேண்டும் என்றால் முன்பக்கம் ஒரு கண்ணாடி, பின்பக்கம் எதிர்ப்புறம் ஒரு கண்ணாடியை இறக்குங்கள். காற்று குறுக்காக ஓடும். கழுத்தில் ஈரத்துணி, அடிக்கடி தண்ணீர், மோர் கொடுங்கள். யாருக்காவது உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெறும் களைப்பு அல்ல. உடனே 108-ஐ அழையுங்கள்.

"மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று குழந்தையை மூடிய காரில் விட்டுப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி வரை சூடு ஏறிவிடும்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஃபில்டர், ஃபேன், கூலன்ட் மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். இரண்டு உதிரி ஃப்யூஸ், ஒரு கேன் தண்ணீர், ஒரு பருத்தித் துண்டு வண்டியிலேயே இருக்கட்டும். திண்டிவனத்தில் நுங்கு, தர்பூசணி கண்ணில் பட்டால், ஏசி ஓடினாலும் ஐந்து நிமிடம் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்க!