விழுப்புரத்தில் இறங்கிப் பார்ப்போம்

தென்பாண்டி நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் ரயிலேறுகிற சென்னைவாசிகளில் விழுப்புரம் ஜங்ஷனைப் பாராதவர் அநேகமாக இல்லை. விழுப்புரத்தில் இறங்கியவரோ மிகச் சொற்பம். நள்ளிரவில் வண்டி நிற்கும். "காப்பி, காப்பி" என்ற குரல் கேட்கும். பாதித் தூக்கத்தில் ஜன்னலைத் திறந்து "என்ன ஊர்?" என்று ஒருவர் கேட்பார். "விழுப்புரம்" என்று பதில் வரும். உடனே அவர் மறுபடி போர்வையை இழுத்துக் கொள்வார். சென்னை, திருச்சி, மாயவரம், காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பாதைகள் வந்து கூடுகிற இந்தச் சந்திப்புக்கு நம்மவர் செய்யும் மரியாதை இவ்வளவுதான்.

இப்பொழுது உலகத்தில் வேறொரு வழக்கம் பரவி வருகிறது. தூர தேசத்துக்கு விமானத்தில் செல்பவர்கள், நடுவழியில் விமானம் மாறும் ஊரிலேயே இரண்டு மூன்று நாள் தங்கி, அந்நாட்டின் மலையையும் ஆற்றையும் கண்டுவிட்டுப் போகிறார்கள். இதற்கென்று சில தேசங்கள் விசாச் சீட்டே வேண்டாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. சீன சர்க்கார் 2024 டிசம்பர் 17-ஆம் தேதி இந்த வழிநடைச் சலுகையை 240 மணி நேரமாக, அதாவது முழுசாகப் பத்து நாளாக நீட்டியது. அவ்வாறு அறிவித்தபோது 54 நாட்டார் அந்த ஜாபிதாவில் இருந்தனர், இந்தியர் இல்லை. குயிலின் என்னும் ஊரில் ஆற்றங்கரையோரமாக நெட்டைநெட்டையாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விட்ட நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய ஏமாற்றந்தான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். 7-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து காஞ்சிபுரம் வரை வந்து சென்ற யுவான் சுவாங்கும் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொண்டு புறப்பட்டவர் அல்ல. பேரரசரின் தடையை மீறி இரவோடிரவாக எல்லையைக் கடந்தவர் அவர்!

சீனத்துக் குன்றுகள் இருக்கட்டும். இரண்டு ரயில்களுக்கு நடுவே ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் ஒரு பகல் ஆகிய இவ்வளவு அவகாசம் உள்ள ஒரு குடும்பம் விழுப்புரத்தில் இறங்கினால் என்னென்ன காணலாம் என்பதே நாம் இங்கே சொல்லப் புகுந்த விஷயம். பாஸ்போர்ட்டு வேண்டாம், விசா வேண்டாம். ஒரு மோட்டார் வண்டியும், கூஜாவில் தண்ணீரும், தலைக்கு ஒரு துண்டும் போதும். ஆனால் இதே வழியில் ஒரு காலத்தில் சீட்டும் சோதனையும் இருந்தன. அந்தக் கதையைப் பின்னால் சொல்லுகிறோம்.

காலையில் இறங்கியதும் செஞ்சி ரஸ்தாவைப் பிடிக்க வேண்டும். வழியில், பிரதான சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி மண்டகப்பட்டு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே வயல்களுக்கும் ஏரிக்கும் பக்கத்தில் ஒரு பாறை. பாறையைக் குடைந்து ஒரு சிறு மண்டபம். இரு கோடியிலும் இரண்டு துவாரபாலகர்கள். உள்ளே வெறுமையான மூன்று அறைகள். "இவ்வளவுதானா?" என்று குழந்தைகள் கேட்பார்கள். நாம் சென்றபோதும் கேட்டார்கள். ஆனால் தூணில் வெட்டியுள்ள வடமொழிக் கல்வெட்டின் பொருளைச் சொன்னால் பெரியவர்களும் வாயடைத்து நிற்பார்கள். செங்கல்லும் இல்லாமல், மரமும் இல்லாமல், உலோகமும் இல்லாமல், சுதையும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இக்கோயிலை ஆக்குவித்தான் என்பது அதன் கருத்து. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்ம பல்லவனுக்கு உரிய பட்டப் பெயர்களில் ஒன்று. கல்லிலே கோயில் காணும் பழக்கம் இந்த நாட்டில் வேரூன்றாதிருந்த காலத்தில் ஓர் அரசன் எவ்வளவு கர்வத்தோடு பேசுகிறான் பாருங்கள்! மாமல்லபுரத்து ரதங்களும் தஞ்சைப் பெரிய கோயிலும் பிற்பாடு வந்தவை. யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது இவன் மகன் நரசிம்மவர்மன் காலத்தில்.

பனைமலை இதற்கு அப்பால். குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலும், அதன் பக்கச் சந்நிதி ஒன்றின் சுவரில் எஞ்சியிருக்கும் பார்வதியின் ஓவியமும் 1,300 வருஷத்தைத் தாண்டியவை. தலையில் மகுடமும் மேலே குடையுமாக ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் அந்த அம்மையின் முகத்தில் பாதி வண்ணம் போய்விட்டது, பாவம் போகவில்லை. அவகாசம் குறைந்தவர்கள் இதை அடுத்த முறைக்கு வைத்துக் கொள்ளலாம். செஞ்சியைத் தள்ளி வைக்க நாம் சம்மதியோம்.

செஞ்சி நெருங்குவதை ஊர்ப் பலகை பார்த்து அறிய வேண்டியதில்லை. ராட்சதர் யாரோ கூடை கூடையாகப் பாறைகளைக் கொணர்ந்து கொட்டிவிட்டு, அடுக்கி முடிக்காமலே போய்விட்டாற்போல் இருபுறமும் உருண்டைக் கற்களின் மலைகள் எழும்பும். ஒரு கல்லின் மேல் மற்றொரு கல் எந்த நிமிஷமும் விழப்போவது போல் நிற்கும். பல யுகமாக அப்படியே நிற்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் ஒரே மதிலால் வளைத்துக் கட்டியது செஞ்சிக் கோட்டை. ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம் ஒன்று குறுக்கிடுகிறது. அதன் மேல் போட்ட சிறு பாலத்தை எடுத்து விட்டால், ஆயிரம் பேர் கீழே நின்றாலும் பத்துப் பேர் மேலே இருந்து சமாளிக்கலாம்.

இந்தக் கோட்டைதான் 1677-இல் சிவாஜி மகாராஜாவின் வசமாயிற்று. அவர் காலமான பிறகு மகாராஷ்டிர நாடே ஔரங்கசீப்பின் சேனைக்குள் மூழ்கிவிடும் போலிருந்த வேளையில், அவர் குமாரர் ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே ஓடிவந்து அடைக்கலம் புகுந்ததும் இங்கேதான். 1690-இல் மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் முற்றுகை தொடங்கினான். கோட்டை விழுந்தது 1698-இல். அதற்கு முன்பே ராஜாராம் தப்பிப் போய்விட்டார். எட்டு வருஷம் ஒரு பேரரசின் சேனையை இந்தக் கற்கள் தடுத்து நிறுத்தின! 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றே.

இருந்தாலும் நம் கிராமத்து ஜனங்களுக்குச் செஞ்சி என்றால் சிவாஜியும் அல்ல, ராஜாராமும் அல்ல, தேசிங்கு ராஜாதான். 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து ஒரு சிறு சேனையோடு போய் மடிந்த இளைஞன் அவன். வென்றவனைப் பற்றி யாரும் பாடவில்லை; தோற்றவனைப் பற்றித் தெருவெல்லாம் பாடினார்கள். அவனுக்காக உயிர் கொடுத்த முகம்மதிய நண்பனுக்கும், அவன் குதிரைக்கும் நீலாம்பூண்டியில் சமாதிகள் உண்டென்று ஊரார் காட்டுகிறார்கள். மதவேற்றுமை பேசி மண்டை உடைத்துக் கொள்பவர்கள் ஒரு நடை அங்கே போய்வரலாம்.

ராஜகிரி ஏறுவதானால் வெயில் ஏறுமுன் தொடங்கிவிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்க்கோட்டையே போதும்: கல்யாண மகால், களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் எல்லாம் சமதரையில் உள்ளன. கையில் தின்பண்டம் வேண்டாம். அங்குள்ள வானரங்கள் பகிர்ந்து உண்ணும் குணம் உடையவை அல்ல.

வடக்கே திருநாதர் குன்று இருக்கிறது. கூட்டம் வருவதில்லை. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து இங்கே உயிர் நீத்ததை ஒரு சிறு கல்வெட்டுத் தெரிவிக்கிறது. தமிழ் எழுத்து வளர்ந்த கதையை ஆராய்கிறவர்கள் பெரிதும் மதிக்கும் கல்வெட்டு அது. மாலை வெயில் சாயும் நேரத்தில் நாம் அங்கே உட்கார்ந்திருந்தோம். கோட்டையில் எட்டு வருஷம் சண்டை போட்டவர்களையும், இங்கே 57 நாள் ஒருவரோடும் சண்டை போடாமல் இருந்தவரையும் எண்ணிக் கொண்டிருந்ததில் பொழுது போனதே தெரியவில்லை.

இரவு திண்டிவனத்தில் தங்குதல் நலம். செஞ்சியிலிருந்து 28 கிலோமீட்டர்தான். புளிய மரங்கள் அடர்ந்த காடு, 'திந்திரிணி வனம்' என்பதே திண்டிவனம் ஆயிற்று என்பர். இந்தத் தாலூகாவின் ஓமந்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராமசாமி ரெட்டியார்தாம், தேசம் சுதந்திரம் அடைந்த 1947-இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர்.

மறுநாள் காலை திருவக்கரை. வக்கிரகாளி சந்நிதிக்குப் பௌர்ணமியன்று பெருங் கூட்டம். மற்றைய நாளில் போவதே சௌகரியம். தேவாரப் பாடல் பெற்ற இந்த ஊருக்குப் பக்கத்திலேயே மற்றொரு க்ஷேத்திரம் உண்டு. அதற்கு அர்ச்சகரும் இல்லை, கோபுரமும் இல்லை. செம்மண் மேட்டில் பருத்த மரங்கள் விழுந்து கிடக்கின்றன. தொட்டால் கல்! சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள். வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்து, மரத்தின் அணுவணுவும் கரையக் கரைய அந்த இடத்தில் மணற்சத்துப் புகுந்து கெட்டிப்பட்டதால், வளையமும் கணுவும் அப்படியே இருக்க, பொருள் மட்டும் கல்லாயிற்று. கிளையும் இலையும் இல்லாமல் வெறும் அடிமரமாகவே கிடப்பதால்தான் வெள்ளம் கொணர்ந்தவை என்று நிபுணர்கள் ஊகிக்கிறார்கள். 1781-இலேயே சோன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதினார். இப்பொழுது புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் உள்ளன. ஒரு துண்டு கூட எடுத்து வரலாகாது. வீட்டுக் கொலுவில் வைக்கலாமே என்று ஆசைப்படும் பெண்மணிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

அங்கிருந்து புதுச்சேரி. இங்கேதான் சீட்டின் கதை வருகிறது.

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் 1879 முதல் ரயில் ஓடுகிறது. தூரம் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் நடுவே இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை இருந்தது. எல்லை என்றால் மலையோ ஆறோ என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு நிலம் வயல் நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. இன்றும் அந்தச் சாலையில் மோட்டாரில் போனால், தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று பலகைகள் மாறி மாறி வந்து தலை சுற்றும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடுதான் பாரதியாரைக் காத்தது. அதுவே அவரைச் சிறையும் வைத்தது. 1908-இல் புதுச்சேரி புகுந்தவர், பத்து வருஷம் இங்கிலீஷ்காரரின் ஒற்றர்கள் தெருமுனையில் காவலிருக்க வாழ்ந்தார். விழுப்புரம் வண்டியின் ஊதல் கேட்கும், ஏற முடியாது. 1918 நவம்பரில் பொறுக்க முடியாமல் கோட்டைத் தாண்டினார். தாண்டிய உடனே கைதானார். இருபத்தைந்து நாள் போலக் காவலில் இருந்து, டிசம்பரில் விடுதலையானார்.

வெள்ளைக்காரன் போன பிறகாவது கோடு அழிந்ததா? இல்லை, முன்னிலும் தடித்தது. ஒரு பக்கம் சுதந்திர பாரதம், மறுபக்கம் பிரான்ஸ். சுங்கச் சோதனைகள் இறுகின. 1954-இல் போக வர அனுமதிச் சீட்டும் வந்து சேர்ந்தது. ஒரே பாஷை பேசி, ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சி, பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், இப்போது சம்பந்தி வீட்டுக்குச் செல்லவும் சீட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த வருஷம் மார்ச்சுக் கடைசியில் விழுப்புரம் பக்கத்து நெட்டப்பாக்கம் தான் விடுதலை பெற்றதாக முதலில் கிளம்பிற்று. அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூருக்கு அப்பால் கீழூரில் 178 ஜனப் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கை மாறியது. சட்டப்படியான மாற்றம் முற்றுப் பெற்றது 1962 ஆகஸ்டு 16-இல். கீழூரில் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. புதுச்சேரிக்கு வருகிற ஆயிரத்தில் ஒருவர் கூட அங்கே வண்டியை நிறுத்துவதில்லை. நீங்கள் கால் மணி நேரம் நிறுத்தலாம்.

இப்பொழுதும் அந்த எல்லையில் போலீஸார் வண்டியை நிறுத்திச் சோதனை போடுவதுண்டு. பயப்பட வேண்டாம், அவர்கள் தேடுவது தேசபக்தர்களை அல்ல, சாராயப் புட்டிகளை.

புதுச்சேரிக் கடற்கரையில் மகாத்மாவின் சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் உயர்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நுட்பமான வேலைப்பாடு. கடற்கரையில் இவை எப்படி வந்தன என்று யாரும் கேட்பதில்லை; சாய்ந்து நின்று படம் பிடித்துக் கொள்கிறார்கள். 1750-இல் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஓர் இரவில் செஞ்சியைப் பிடித்தார். 1761 வரை கோட்டை அவர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் வேங்கடரமணர் கோயிலிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த தூண்கள் இவை என்று சொல்லப்படுகிறது. முதல் நாள் செஞ்சிக் கோயிலைச் சுற்றி வந்தவர்களுக்கு அங்கே எதுவெல்லாம் குறைகிறது என்று மறுநாள் மாலையில் இங்கே தெரியும்.

சாயங்கால வண்டியில் விழுப்புரம் திரும்பலாம். பாஸஞ்சர் வண்டியாக இருந்தால் வில்லியனூர், சின்னபாபு சமுத்திரம், வளவனூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெயர்ப் பலகையைக் குழந்தைகளைக் கொண்டு படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பழைய எல்லை என்று அவர்கள் கண்டுபிடிக்கட்டும். ஜங்ஷனில் அடுத்த ரயில் தாமதமானால், வெளியே கூடையில் வேகவைத்த மல்லாட்டை விற்பார்கள். நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது. மணிலாக் கொட்டை என்பதன் மரூஉ. சூடாக இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.