நாய்க்கு வழி தெரியத் தேவையில்லை

பார்வையற்றவரை வேண்டிய இடத்துக்கு அழைத்துச் செல்வது வழிகாட்டி நாய்தான் என்று எங்களில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சமூகப் பணிக்கு வந்த பின் வாசித்தபோதே விடயம் விளங்கியது.

போகும் வழியை மனதில் வைத்திருப்பவர் பார்வையற்றவரே. வலப்பக்கமா, இடப்பக்கமா என்று சொல்பவரும் அவரே. குழி, கம்பம், தாழ்ந்த கிளை ஆகியவற்றை விலத்தி நடப்பதும், படியோ வீதியோரமோ வந்தால் நிற்பதும் நாயின் வேலை. அதன் உடலில் பூட்டிய வாரின் கைப்பிடி மூலம் அசைவை அவர் உணர்கிறார். வாகன ஓசையைக் கேட்டு, வீதியைக் கடக்கும் நேரத்தையும் அவரே தீர்மானிக்கிறார். வாகனம் நெருங்கினால் மட்டும், "போ" என்றாலும் நாய் அசையாது. அப்படி மறுக்கவும் அதைப் பழக்கியிருக்கிறார்கள்.

இந்த முயற்சியும் போரின் காயத்திலிருந்தே வளர்ந்தது. முதலாம் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களுக்காக 1916 இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் நாய்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பிரித்தானியாவில் 1931 இல், வோலசி என்ற ஊரில் முதல் நால்வர் நாய்களைப் பெற்றனர். அதற்கு முன்னின்று உழைத்தவர்கள் மியூரியல் குரூக், ரோசமன்ட் பொன்ட் என்ற இரு பெண்கள். அமெரிக்கரான மொறிஸ் பிராங்க் 1928 இல் சுவிற்சர்லாந்தில் டொரதி யூஸ்ரிஸ் என்ற பெண்மணியின் நிலையத்தில் பயிற்சி பெற்றார். நாடு திரும்பியதும், வாகனங்கள் நிறைந்த நியூயோர்க் வீதியொன்றைத் தன் நாயுடன் கடந்து காட்டினார். 1929 இல் இருவரும் சேர்ந்து அமெரிக்காவில் பயிற்சி நிலையம் அமைத்தனர்.

நான் பணிசெய்யும் கிராமங்களில் வெள்ளைப் பிரம்பும் உறவினரின் கையும்தான் துணை. போர்க்காலத்தில் ஷெல் வீச்சில் பார்வை இழந்த தாய் ஒருவர் என்னிடம் சொன்னார்: "எல்லாரும் என்னில பாசம்தான் பிள்ளை. ஆனா எங்க போகவேணும் எண்டு ஒருதரும் என்னைக் கேக்கிறேல்லை."

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடிக்கட்டும். நீங்கள் சற்று முன்னே நடவுங்கள். படியோ பள்ளமோ வந்தால் சொல்லுங்கள். புறப்படும் முன் மட்டும், எங்கே போவது என்று அவரிடமே கேளுங்கள்.