நிலவறையில் ஒரு கைதி



கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளைக் கைப்பேசியிடமிருந்து மீட்பது எப்படி என்று பெற்றோர் வினவுகின்றனர். சேலம் அஸ்தம்பட்டியில் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆகவே விடுமுறை நாட்களில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதில், ஒரு வரைதாளும் பென்சிலும் சில புளியங்கொட்டைகளும் மட்டுமே தேவைப்படும் ஓர் ஆட்டத்தை அவர்களுடன் ஆடி வருகிறேன். அந்த ஆட்டம் எனக்குக் கற்பித்ததையே உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஆட்டத்தின் மூலவடிவம் மேலைநாட்டது. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதை சொல்லும் நடுவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். "இருண்ட நிலவறை, இடப்புறம் ஒரு கதவு, என்ன செய்கிறீர்கள்?" என்று நடுவர் கேட்பார். அவர்கள் சொல்வது கைகூடுமா என்பதைப் பெரும்பாலும் பகடை முடிவு செய்யும்.

பகடை என்றதும் நம் உள்ளம் தயங்குகிறது. பகடை உருட்டி ஆடும் நர்து ஆட்டத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருப்பதை நாம் அறிவோம். பகடையை நீக்கினால் ஆட்டம் சுவை குன்றிவிடுமோ? அப்படி அஞ்ச வேண்டியதில்லை. நம் தமிழகத்து ஆடு புலி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் அடைத்துவிடுகின்றன. அங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. ஆடுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதிருப்பதே வெற்றி.

நான் வரைந்த நிலவறைக்கு வருவோம். பிள்ளைகள் சங்ககிரி மலைக்கோட்டையை அறிந்தவர்கள். ஆகவே, அதைப் போன்றதொரு கற்பனைக் கோட்டையின் அடியில் நான்கு அறைகள். தாழ்வான அறையில், செய்யாத குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டிருக்கும் ஒரு முதிய கிணறு வெட்டி. மேலறை ஒன்றில் ஓர் இரும்புச் சக்கரம். அதைச் சுழற்றினால் கைதியின் கதவு உயரும். ஆனால் அதே சங்கிலி, பக்கத்து அறையிலுள்ள நீர்த்தொட்டியின் மதகையும் உயர்த்திவிடும். நீர் முழுவதும் தாழ்வான அறைக்குள் பாயும். சக்கரத்தின் அருகே நிற்பவருக்குத் தொட்டி தெரியாது. கைதிக்கோ சுவருக்கு அப்பால் நீர் அசையும் ஓசை கேட்கும். முதல் அறையிலிருந்து அவருடைய அறைவரை ஒரு பழைய குழாய் செல்கிறது. அதன் வழியே பேசலாம்.

பதினைந்து புளியங்கொட்டைகள்தாம் விளக்கெண்ணெய். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கொட்டை செலவாகும். கேள்வி கேட்பதற்கு மட்டும் விலை கிடையாது. இந்த ஒரு விதி ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது. சக்கரத்தைக் கண்டதும் சுழற்றத் துடிக்கும் பிள்ளைகள், எண்ணெய் குறையக் குறைய, குழாயருகே வந்து, "பாட்டனாரே, அங்கே என்ன கேட்கிறது?" என்று வினவத் தொடங்குகின்றனர்.

அடைபட்டவர் வெறும் சுமை அல்லர்; அவரும் மீட்பில் ஒரு பங்காளி. 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் வெள்ளத்தால் அடைபட்டனர். ஜூலை 2-ஆம் நாள் பிரிட்டிஷ் முக்குளிப்பாளர் இருவர் அவர்களைக் கண்டனர். அப்போது அவர்களிடம் ஆங்கிலத்தில் பேசித் தம் தோழர்களின் நிலையை எடுத்துரைத்தவன், அடைபட்டிருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனே. உள்ளிருப்பவனிடம் கேட்காமல் வெளியிலிருந்தே எல்லாம் அறிந்துவிட முடியுமா?

அடுத்தது, புதிருக்கு ஒரே விடை வைக்கலாகாது. என் நிலவறையில் தொட்டி நீரை வாளியால் இறைக்கலாம். அடைபட்ட வடிகாலைத் திறந்து அகழிக்கு விடலாம். மதகின் சங்கிலியையே கழற்றிவிடலாம். நான் எண்ணாத நான்காம் வழியைப் பிள்ளைகள் கண்டால் அதையும் ஏற்பேன். உத்தரகாண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை 2023 நவம்பர் 12-இல் சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கியதை நினைவுகூருங்கள். பக்கவாட்டில் துளையிட்ட பெரும் எந்திரம் இடிபாட்டு இரும்பில் சிக்கி உடைந்தது. மலையின் மேலிருந்து செங்குத்தாகத் துளையிடும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. இறுதியில், எலிவளைபோல் குறுகிய வழியில் கையால் தோண்டும் ஏழைத் தொழிலாளர்கள் குழாய்க்குள் ஊர்ந்து சென்று எஞ்சிய சில மீட்டர்களைத் தோண்டினர். முஸ்லிம்களும் இந்துக்களும் அக்குழுவில் ஒன்றாய் உழைத்தனர். நவம்பர் 28-இல் 41 பேரும் உயிருடன் வெளிவந்தனர்.

மூன்றாவது, மீட்கும் முயற்சிக்கும் ஆபத்து உண்டு என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும். 2019 அக்டோபர் 25-இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததையும், மேலும் ஆழத்துக்கு நழுவிச் சென்றதையும், பக்கத்தில் வேறொரு குழி தோண்டியபோது கடும்பாறை குறுக்கிட்டதையும், 29-ஆம் நாள் உயிரற்ற உடலே மீட்கப்பட்டதையும் தமிழகம் மறவாது. அங்கே உழைத்தவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. திறந்த குழியை முன்பே மூடியிருந்தால் மீட்புக்கே தேவை எழுந்திராது என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.

நேயர்களே, இவை மூன்றையும்விடப் பெரிய பாடத்தை எனக்குத் தந்தவன் ஒரு மாணவன். சேலம் மத்தியச் சிறை எங்கள் அஸ்தம்பட்டியில்தான் இருக்கிறது. ஒரு நாள் மாலை, பிள்ளைகள் தொட்டியை வற்றச் செய்து, கதவைத் திறந்து, "மீட்டுவிட்டோம்!" என்று ஆரவாரம் செய்தனர். அதிகம் பேசாத பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும், "ஹஜ்ரத், வெளியே வந்தவர் இப்போது எங்கே போவார்?" என்று கேட்டான். அவனுடைய தாய்மாமன் அண்மையில்தான் சிறையிலிருந்து திரும்பியிருந்தார் என்பதை மற்றப் பிள்ளைகள் அறிவர். ஒருவரும் சிரிக்கவில்லை.

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. வணிகக் கூட்டத்தாரின் வாளி அவரைக் கிணற்றிலிருந்து மேலே கொணர்ந்தது. ஆனால் அதன்பின் அவர் சில திர்ஹம்களுக்கு விற்கப்பட்டார் அல்லவா? குழியிலிருந்து தூக்குவது மீட்பின் பாதிதான்.

அன்றிரவே வரைதாளில் ஐந்தாவது அறையை வரைந்தேன். அது நிலவறைக்கு வெளியே, கைதியின் வீட்டு வாசல். இன்றிரவு அவருக்கு உணவு எங்கே? அவர் விட்டுச்சென்ற சிறுமி இன்று தாயாகியிருக்கிறாள். அவளிடம் முதலில் பேசுவது யார்? ஐயத்தோடு நோக்கும் ஊராருக்கு என்ன விடை? இந்த வாசலுக்குச் சாவி கிடையாது. மறுநாள் பிள்ளைகள் நெடுநேரம் வாதிட்டனர். அந்தச் சிறுவன், எஞ்சியிருந்த ஒரே புளியங்கொட்டையைத் தாளின் நடுவே வைத்து, "நான் விளக்கை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்து போகிறேன். முன்னால் இல்லை, பக்கத்தில்" என்றான். நடுவராகிய நான் அதை ஏற்றேன்.

உங்கள் இல்லத்திலும் இந்த ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் வரைந்தால் போதும். ஆட்டம் முடிந்தபின், கதவை எப்படித் திறந்தாய் என்று பிள்ளையிடம் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். திறந்தபின் அவரை எங்கே அழைத்துச் சென்றாய் என்றும் கேளுங்கள். சிறையிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் நெடுங்காலப் பயணத்திலிருந்தும் திரும்பி வந்து, நம் தெருவில் தலைகுனிந்து நடப்போர் எத்தனை பேர்! அவர்களுக்கு ஸலாம் உரைக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடமிருந்து தொடங்கட்டும்.