பெல்ட்டில் ஒரு புது ஓட்டை

‘மோஷன் எப்படிப் போகிறது?’ என்று கேட்டால், பலர் ‘பரவாயில்லை டாக்டர்’ என்று சொல்லிவிட்டுக் கூட வந்தவரைப் பார்ப்பார்கள். அம்மாவோ மனைவியோ பக்கத்தில் இருந்தால் பேச்சு அதோடு நின்றுவிடும். அதனால் குடல் தொந்தரவென்று வருபவர்களிடம் கொஞ்ச நேரமாவது தனியாகப் பேசிவிடுவேன்.

முதலில் கேட்பது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போகவேண்டியிருக்கிறதா என்பதுதான். ஐ.பி.எஸ். எனும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு வயிறு வலிக்கும், கழிந்ததும் பலருக்குக் குறையும். ஆனால் பெரும்பாலும் இரவில் தூங்கிவிடுவார்கள். காலையில் ஆபீஸ் கிளம்பும்போதுதான் அவஸ்தை. குடலில் புண் இருந்தால் அது நடுராத்திரியிலும் எழுப்பும்.

அடுத்தது ரத்தம். ‘மூலம்தான், உடம்புச் சூடு’ என்று தாங்களே முடிவுகட்டி, வெந்தயமும் மோரும் குடித்து மாதக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். மூலத்தில் பெரும்பாலும் மலம் போனபிறகு ரத்தம் சொட்டும். பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் மலத்தோடு கலந்து, சளியும் சேர்ந்து வரும். போய்வந்த உடனே மறுபடி முக்கச் சொல்லும். அமீபா சீதபேதியும் இதே மாதிரி இருக்கும் என்பதால் மலப் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது.

எடை குறைந்ததா என்பதற்கு நேரான பதில் கிடைப்பது அபூர்வம். நான் பெல்ட்டைப் பார்ப்பேன். ஒரு கல்லூரி மாணவர், ‘வெயிட் எல்லாம் அப்படியேதான் சார்’ என்றார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. கொலனோஸ்கோப்பியில் மலக்குடலிலிருந்தே உட்சுவர் சிவந்து, கருவி பட்ட இடமெல்லாம் ரத்தம் கசிந்தது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்தான். மெசலமைன் மருந்தில் மெல்லத் தேறினார்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. 1932இல் நியூயார்க் மருத்துவர்கள் விவரித்த குரோன் நோய், சிறுகுடலின் கடைசிப் பகுதியை அதிகம் தாக்கும். குடல் காசநோயும் பிடிப்பது அதே இடத்தைத்தான். வலது அடிவயிற்று வலி, சாயங்காலக் காய்ச்சல், எடைக்குறைவு இரண்டிலும் வரலாம். திசுப் பரிசோதனைகூடச் சில சமயம் கைவிரித்துவிடும். காசநோயைக் குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெங்கும் பரவலாம். இந்த இடத்தில் அவசரப்படுகிற மருத்துவரை நான் மன்னிக்கமாட்டேன்.

கழிச்சல் நான்கு வாரம் தாண்டினாலோ, ரத்தமும் சளியும் கலந்து வந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயால் சொல்ல வரவில்லையென்றால் போனில் படம் எடுத்துவந்து காட்டுங்கள். எங்களுக்கு அதில் அருவருப்பே கிடையாது.