இரண்டு படகுகளும் ஒரு பொய்யும்

நமது பங்கின் கல்லூரி மாணவன் ஒருவனின் கைப்பேசியின் பின்புறத்தில் கோரமான முகம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கக் கண்டோம். திட்டுத் திட்டாக வெள்ளைச் சாயம். கரி பூசிய கண்குழிகள். இரு கன்னங்களிலும் கிழிந்து ஆறிய தழும்பின்மேல் இழுகிய சிவப்பு. "யாரப்பா இவன்?" என்று வினவினோம். "ஜோக்கர், சாமி. 'தி டார்க் நைட்' படத்து வில்லன்" என்றான். "ஏன், கதாநாயகன் படம் கிடைக்கவில்லையோ?" என்றோம் சற்றுக் கேலியாக. அவன் சிரிக்கவில்லை. "இவன் சொல்வதுதான் உண்மை என்று தோன்றுகிறது, சாமி" என்றான்.

அச்சொல் நம்மை உறுத்தியது. பார்க்காத படத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. ஆகவே ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் மறையுரையை எழுதி முடித்துவிட்டு, அந்த 152 நிமிடப் படத்தை முழுவதும் பார்த்தோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2008-இல் வெளிவந்த படம் அது. வௌவால் வேடம் பூண்டு தீயோரை ஒடுக்கும் பேட்மேன், 1939 முதல் அமெரிக்கச் சித்திரக் கதைகளில் உலவி வருபவன். அவனுடைய பகைவனாகிய ஜோக்கர் 1940-இல் வந்து சேர்ந்தான். பறக்கும் மனிதரையும் மாய சக்திகளையும் எதிர்பார்த்து அமர்ந்தால் இப்படத்தில் ஏமாற்றமே மிஞ்சும். காத்தம் என்னும் கற்பனை நகரமாக நாம் காண்பது பெரும்பாலும் சிகாகோவின் மெய்யான தெருக்களே. வங்கி, நீதிமன்றம், மருத்துவமனை, இலஞ்சம் வாங்கும் காவலர் என எல்லாம் நாம் அறிந்த உலகமே. அச்சம் பிறப்பதும் அதனால்தான்.

ஜோக்கராக நடித்தவர் ஆஸ்திரேலியரான ஹீத் லெட்ஜர். படம் திரைக்கு வருமுன்னரே, 2008 ஜனவரி 22-ஆம் நாள், மருந்துகள் தவறுதலாக அளவு மீறியதால் 28-ஆம் வயதில் இறந்துபோனார். மறு ஆண்டு அவருக்கு வழங்கப்பட்ட ஆஸ்கர் விருதை அவருடைய குடும்பத்தினர் பெற்றுக்கொண்டனர். அவர் நாவால் உதட்டை நனைத்துக்கொண்டு பேசும் விதத்தைக் கண்டபோது, தீமையை இத்தனை அருகில் நிறுத்திக் காட்டிய நடிப்பு அரிது என்றே நமக்குத் தோன்றியது.

இந்த ஜோக்கருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. பிடிபட்டபோது அவனுடைய கைரேகையும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தழும்பு வந்த கதையை ஒருவரிடம் தந்தையின் கொடுமை என்கிறான். மற்றொருவரிடம் மனைவியின் பொருட்டுத் தானே கிழித்துக்கொண்டது என்கிறான். மலைபோல் குவிந்த பணத்தை எரித்துவிடுகிறான். குருமடத்தில் புனித அகுஸ்தினாரின் கருத்தைப் பயின்ற நாள்கள் நினைவுக்கு வந்தன. தீமை என்பது தனித்து நிற்கும் ஒரு பொருளன்று. இருக்கவேண்டிய நன்மை இல்லாமற்போன குறையே தீமை என்பார் அவர். அன்று தேர்வுக்காக மனனம் செய்த அக்கருத்தின் முகத்தை நாம் திரையில் கண்டோம். எதையும் கட்டத் தெரியாதவன் இவன். பிறர் கட்டியதை இடிக்க மட்டுமே வல்லவன்.

அவன் சொல்வது உண்மைதானா? மருத்துவமனைக் கட்டிலில், பாதி முகம் கருகி, தான் மணக்கவிருந்தவளையும் இழந்து கிடக்கும் அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்டிடம், தான் திட்டம் ஏதுமற்றவன் என்று ஜோக்கர் நம்பவைக்கிறான். ஆனால் படத்தின் தொடக்கத்தில் அவன் நடத்தும் வங்கிக் கொள்ளையைப் பாருங்கள். தப்பிச் செல்லும் அவனுடைய மஞ்சள் பேருந்து, தெருவில் செல்லும் பள்ளிப் பேருந்து வரிசையின் நடுவே நுழைந்து மறைகிறது. நொடிக் கணக்கில் திட்டமிடாதவனால் இது ஆகுமோ? நம் இளைஞர்கள் அவனுடைய வெளிப்படையான பேச்சைக் கண்டு மயங்குகிறார்கள். அந்த வெளிப்படையும் ஒரு வேடமே.

அவனுடைய பெரும் சாட்சியம் படகுக் காட்சியில் சோதிக்கப்படுகிறது. ஒரு படகில் பொதுமக்கள். மற்றொன்றில் சிறைக் கைதிகள். இரண்டிலும் வெடிமருந்து, ஒவ்வொரு படகிலும் மற்றதைத் தகர்க்கும் விசை. நள்ளிரவுக்குள் ஒருவர் விசையை முடுக்காவிடில் இரண்டுமே அழியும் என்கிறான். நெருக்கடி வந்தால் மனிதர் ஒருவரையொருவர் தின்பர் என்பதே அவனுடைய வேதம். மக்கள் சீட்டு எழுதி வாக்களிக்கின்றனர். கைதிகளைக் கொல்லலாம் என்றே பெரும்பான்மை தீர்ப்பாகிறது! ஆயினும் விசையைக் கையில் எடுத்தவரால் அதைத் திருக முடியவில்லை. மறு படகில் கொடியவனைப்போல் தோன்றும் கைதி ஒருவன், அதிகாரியிடமிருந்து விசையை வாங்கிச் சன்னல் வழியே நீரில் எறிந்துவிட்டு அமைதியாகப் போய் அமர்கிறான். ஜோக்கர் தோற்றான். அவ்விடத்தில் நம் கண்கள் பனித்தன.

ஆனால் அதே இரவில் நடப்பதுதான் நமது உறக்கத்தைக் கெடுத்தது. பழிவாங்கும் வெறியில் கொலைகாரனாகிவிட்ட டென்ட் இறந்துபோகிறான். மக்கள் போற்றிய மனிதன் கெட்டுப்போனான் என்று தெரிந்தால் நகரம் நம்பிக்கை இழந்துவிடும் என அஞ்சி, அக்கொலைகளின் பழியைப் பேட்மேன் தானே ஏற்றுக்கொள்கிறான். காவல் அதிகாரி கோர்டனும் உடன்படுகிறார். படம் இதனைத் தியாகமாகக் காட்டுகிறது. நாம் அவ்வாறு கொள்ளவில்லை. சற்று முன்புதானே அந்த மக்கள், சாவின் விளிம்பிலும் தங்களை நம்பலாம் என்று மெய்ப்பித்தார்கள்? அவர்களிடம் உண்மையைச் சொல்ல அஞ்சுவது, மக்களைப் பற்றி ஜோக்கர் கொண்டிருந்த கருத்தையே வேறு வழியில் ஏற்பதாகாதா? 2012-இல் வந்த அடுத்த படத்தில் அப்பொய் வெளிப்பட்டு, மற்றொரு கொடியவனுக்கே ஆயுதமாகிறது.

இவ்வளவு கடுமையாக நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, கோவில் கட்டட நிதியைக் கவனித்துவந்த பெரியவர் ஒருவர் திடீரென இறந்தார். ஊரே அவரை மதித்தது. அடக்கத்தன்று நாமும் அவரைப் புகழ்ந்து பேசினோம். பின்னர் கணக்கேட்டைப் பார்த்தபோது, அவர் தம் வீட்டுத் தேவைக்குப் பணம் எடுத்திருந்தது தெரிந்தது. மக்கள் மனம் உடையும், அக்குடும்பம் தலைகுனியும் என்றெண்ணி மௌனமானோம். குறைந்த தொகையை இதரச் செலவு என்று எழுதிவைத்தோம். ஆனால் பணம் குறைந்த செய்தி எப்படியோ கசிந்தது. கணக்கெழுத உதவிய இளைஞன்மேல் ஊர் ஐயம் கொண்டது. பேட்மேன் தானே விரும்பிப் பழியை ஏற்றான். இந்தப் பிள்ளையையோ ஒருவரும் கேட்கவில்லை. அவன் பூசைக்கு வருவதை நிறுத்தினான். பிறகு திருப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டான்.

ஈராண்டுகள் கழித்தே நமக்குத் துணிவு வந்தது. அவனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். இறந்தவரின் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, பங்கு மக்களிடம் உள்ளதைச் சொன்னோம். நாம் அஞ்சியபடி எதுவும் இடிந்து விழவில்லை. மூதாட்டி ஒருத்தி மட்டும் எழுந்து, "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை ஊரை விட்டுப் போயிருக்குமா, சாமி?" என்றாள். அதற்கு இன்றும் நம்மிடம் மறுமொழி இல்லை. அவன் மன்னித்தான், ஊர் திரும்பவில்லை.

பெற்றோரே! சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற படமன்று இது. வளர்ந்த பிள்ளைகள் பார்த்திருந்தால் ஏசாதீர்கள். உடனிருந்து பாருங்கள், பிறகு பேசுங்கள். படம் முடிந்தபின் வரும் கேள்விகளே மதிப்புள்ளவை.

அந்த மாணவனை அழைத்து, திரையில் கண்டதையும் நமது பழைய கதையையும் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தான். "அப்படியானால் ஜோக்கர் தோற்றானா, வென்றானா, சாமி?" என்று கேட்டான். "படகில் தோற்றான். பிறகு, நல்லவர்கள் உண்மைக்கு அஞ்சியபோது பாதி வென்றான்" என்றோம்.

அந்த முகம் இன்னும் அவனுடைய கைப்பேசியில்தான் இருக்கிறது. அதை அகற்றும்படி நாம் சொல்லவில்லை.