வாயில் வளர்ந்த குஞ்சுகள்

மாணவர்களே, பருப்பு வாணிகத்திற்குப் பெயர்பெற்ற எங்கள் விருதுநகரில், எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு எளிதில் வேகாது என்றால் நம்புவீர்களா? அந்நீரில் சோப்பு நுரைப்பதில்லை. காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளை உப்புப் படியும். மழை குறைந்த வறண்ட நிலம் எங்களுடையது. அவ்வறட்சியே சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் தழைக்கத் துணைசெய்தது. நீரை மட்டும் நாங்கள் பழித்துக்கொண்டே இருந்தோம். அதன் அருமையை யான் ஆப்பிரிக்க மீன்களிடம் அறிந்தேன்.

சென்ற ஆண்டு என் பேரன் சிவகாசியிலிருந்து ஆறு மீன்களை வாங்கி வந்தான். பொன்னிற மேனி, முதுகுத் துடுப்பில் மை தீட்டினாற்போன்ற கரிய கோடு. "தாத்தா, இவை மலாவி ஏரி மீன்கள்" என்றான். கிழக்காப்பிரிக்காவில் ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளம் கிடக்கும் அவ்வேரியில், சிக்லிட் குடும்பத்து மீன்கள் மட்டுமே 500 இனங்களுக்கு மேல் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இயற்கையாய் வாழ்வதில்லை.

தொலைவிலிருந்து வந்த விருந்தினர்க்கு நல்ல நீர் தரவேண்டுமன்றோ? வண்டியில் வரும் சுத்திகரித்த குடிநீரை விலைக்கு வாங்கித் தொட்டியை நிரப்பினேன். சில நாட்களில் மீன்கள் துடுப்பை ஒடுக்கி மூலையில் ஒதுங்கின, இரண்டு இறந்தன. பின்னரே விவரம் அறிந்தேன். மலாவி ஏரியின் நீர் காரத்தன்மை உடையது. தொட்டியில் சேரும் மீன்கழிவு நீரை நாளடைவில் புளிப்பாக்கும். அப்புளிப்பை அடக்குவது நீரில் கரைந்துள்ள சுண்ணச்சத்து. சுத்திகரிக்கும் பொறியோ அதனைப் பெரிதும் நீக்கிவிடுகிறது. 'இன்னீர்' என்னும் சொல்லுக்கு ஆண்டுதோறும் வகுப்பில் பொருள் கூறிவந்த யான், யாருக்கு இனிய நீர் என்று ஒருநாளும் கேட்டதில்லை!

கிணற்று நீரைச் சிறிது சிறிதாகக் கலந்தேன். எஞ்சிய நான்கும் தெளிவுற்றன. கற்களுக்கிடையே ஒன்றையொன்று துரத்தின. விளையாட்டென்று மகிழ்ந்தேன். அன்று, கல்லிடுக்கை உரிமையாக்கிக்கொள்ளும் பூசல் அது.

புரட்டாசியின் இறுதியில் ஒரு மீன் இரையெடுக்கவில்லை. அதன் தாடை பருத்திருந்தது. நோயென்று அஞ்சி வலையை எடுத்தேன். பேரன் என் கையைப் பற்றிக்கொண்டான்.

"வேண்டாம் தாத்தா! வாய்க்குள் முட்டைகள் இருக்கின்றன. அச்சுறுத்தினால் உமிழ்ந்துவிடும், இல்லையேல் விழுங்கிவிடும்."

முட்டைகளை வாயில் அடைகாப்பது இவ்வினத்தின் இயல்பு. ஏறத்தாழ மூன்று வாரம் தாய் பட்டினி கிடக்கும். நம் கண்மாய்களில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்காவினின்று வந்த சிக்லிட் மீனே. அதுவும் வாயில் அடைகாப்பதே. 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட அது, இன்று பல நீர்நிலைகளில் நாட்டு மீன்களை நெருக்கிப் பெருகியுள்ளது. ஆதலின், தொட்டி மீன் சலித்துவிட்டால் கண்மாயில் விடாதீர்கள், வளர்ப்பவரிடம் கொடுங்கள்.

அடைகாத்த பத்தொன்பதாம் நாள் தீபாவளி வந்தது. எங்கள் ஊர்த் தீபாவளியை யான் சொல்லவும் வேண்டுமோ? முதல் வெடியோசைக்கே அம்மீன் துள்ளிக் கண்ணாடியில் மோதிற்று. தொட்டியைச் சுற்றிக் கம்பளிகளைப் போர்த்தோம்; விளக்கை அணைத்தோம். பின்னர் யான் தெருவில் இறங்கிச் சிறுவர்களிடம், "தம்பிகளே, தெருக்கோடியில் வெடியுங்கள்" என்று கேட்டேன். காரணம் கேட்டனர், சொன்னேன். நகைத்தனர். ஆயினும் ஒருவன் தன் சரவெடியை அள்ளிக்கொண்டு நடந்தான், மற்றவரும் தொடர்ந்தனர். அவ்விரவு யான் உறங்கவில்லை. விடியலில் கம்பளியை விலக்கினேன். தாடை பருத்தே இருந்தது.

இருபத்துமூன்றாம் நாள் மாலை, அம்மீன் ஒரு கல்லருகே நின்று வாயைத் திறந்தது. சின்னஞ்சிறு குஞ்சுகள், உருவில் தாயைப் போன்றே, ஒவ்வொன்றாய் வெளிவந்து கல்லிடுக்கில் மறைந்தன. பேரன் பதினான்கு எண்ணினான். தெருச் சிறுவர்களும் வந்து எண்ணினர். ஒருவன் பதினைந்து என்று வாதிட்டான்.

தாயை வேறு தொட்டிக்கு மாற்றி, இரை தூவினேன். மெலிந்து முதுகு கூர்த்திருந்த அது, முதல் துணுக்கை வாயில் வாங்கி, உமிழ்ந்து, மீண்டும் வாங்கி, விழுங்கிற்று.