ஒத்திகை

நண்பர் ஒருவரின் மகள் தமிழ்த்தினப் போட்டியில் பேச இருக்கிறாள். பேச்சை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்று என்னிடம் கேட்டாள். எழுதிப் பார், உரத்து வாசி, நேரம் பார்த்துக்கொள், பின்பு தாளை மூடிவைத்துவிட்டுப் பேசு என்றேன். கிரேக்கத்து டெமொஸ்தெனிஸ் வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகிய கதையையும் சொல்லிவைத்தேன். பிறருடைய பேச்சுக்களைக் குறிப்பெடுத்தே பிழைத்தவனுக்கு இவ்வளவும் சொல்லத் தெரியாதா என்ன?

ஆனால், நான் ஒருவரைப் பேசுவதற்குப் பழக்கியது ஒரே ஒரு தடவைதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

2014 ஜனவரியில், மக்ஸ்வெல் பரணகம தலைமையிலான காணாமற்போனோர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு தன் முதல் அமர்வுகளைக் கிளிநொச்சியில் நடத்தியது. அதற்கு முதல்நாள் மாலை, பரந்தனில் ஒரு தாயாரின் வீட்டு முற்றத்தில் இருந்தேன். 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் மகனை இராணுவத்திடம் கையளித்தவர் அவர். 2010 செப்டெம்பரில் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தபோது, பேச வாயெடுத்து, அழுதுவிட்டுத் திரும்பியிருந்தார்.

"இந்தமுறை அழக்கூடாது, அண்ணை. சொல்லவேணும்."

சொல்லிக் காட்டச் சொன்னேன். பரந்தனை விட்டு வெளியேறிய நாளிலிருந்து தொடங்கினார். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் எனப் பதுங்குகுழி பதுங்குகுழியாக வந்து வட்டுவாகல் பாலத்தை அடைய இருபது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரம் அங்கே யாருக்கும் கிடைக்காது. வட்டுவாகலிலேயே தொடங்குங்கள் என்றேன். திகதி, இடம், மகனின் முழுப்பெயர், யாரிடம் கையளித்தீர்கள் என்பவை முதலில் வரட்டும். ஒவ்வொரு வசனத்தின் பின்னும் நிறுத்துங்கள். மொழிபெயர்ப்பவருக்கு இடம் விடவேண்டும்.

மகன் பஸ்ஸில் ஏறிய இடம் வந்ததும் குரல் அடைத்தது. அதற்கு முந்திய வசனத்தில் நின்று மூச்செடுக்கப் பழக்கினேன். நான்காம் தடவை அந்த இடத்தைக் கடந்தார்.

முடிவில் "ஆற்றொணாத் துயர்" என்றொரு தொடரை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் நா தடுக்கியது.

"அண்ணை, இந்தச் சொல்லை நான் ஒருநாளும் கதைச்சதில்லை."

வெட்கத்துடன் வெட்டினேன். கூடவே இன்னொன்றையும் வெட்டினேன். மகன் உடுத்திருந்த சட்டையைப் பற்றிய இரண்டு வசனங்கள். நேரம் போகும், அது தேவையில்லை என்பது என் தீர்ப்பு. பத்திரிகைக்காரன் புத்தி!

மறுநாள் ஆறு நிமிடத்தில் சொல்லி முடித்தார். குரல் உடையவில்லை. பின்வரிசையில் இருந்த எனக்கு உள்ளூரப் பெருமிதம். அப்போது ஒரு கேள்வி வந்தது: மகன் என்ன உடுப்பு அணிந்திருந்தார்?

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்பது போன்ற பார்வை. பின்பு சொன்னார்: இளநீலச் சட்டை, இடது கையில் கிழிந்த இடத்தைக் கறுப்பு நூலால் நான்தான் தைத்தேன், வேறு நூல் இருக்கவில்லை.

அதன்பின் அவரால் பேச முடியவில்லை.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி ஆலய முன்றலில் உறவுகளின் தொடர் போராட்டம் தொடங்கியது. சில நாட்களின் பின் அங்கு போனேன். ஒலிவாங்கி அவர் கையில் இருந்தது. தாள் எதுவும் இல்லை. சட்டையிலிருந்து தொடங்கினார். நான் குறிப்பெடுத்தேன்.